சர்வீஸுக்குப் பின் திணறும் சங்கிலி ரம்பம்
நன்றாக ஓடிய ரம்பம் சர்வீஸுக்குப் பின் திணறினால், கடைசியாகக் கழற்றி மாட்டிய பாகத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் விசையை விட்ட பிறகும் வேகம் உடனே தணியாமல் இரைந்தால், பெரும்பாலும் எங்கோ காற்று உள்ளே கசிகிறது. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, கார்புரேட்டர் கேஸ்கெட்டிலும் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு), கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரிலும், எஞ்சினின் அழுத்தத் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுசெல்லும் இம்பல்ஸ் குழாயிலும் விரிசலோ தளர்வோ உள்ளதா எனப் பாருங்கள். கசிவை விட்டுவிட்டு ஹெச் திருகை (அதிவேகத்துக்கான பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திறந்து சமாளிக்கவே கூடாது. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனைக் காக்கிறது, காற்று மிகுந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். கார்புரேட்டரைப் பிரித்திருந்தால், டயாஃப்ரமும் (மெல்லிய சவ்வு) கேஸ்கெட்டும் வரிசை மாறியிருக்கலாம். பெரும்பாலான கார்புரேட்டர்களில், பெட்ரோல் அளவை முறைப்படுத்தும் மீட்டரிங் பக்கம் கேஸ்கெட்டே முதலில் அமர வேண்டும், அதன் மேல்தான் டயாஃப்ரம். சற்று நேரம் ஓடி நின்றுவிடும் ரம்பம், டேங்க் மூடியைத் தளர்த்தியதும் மீண்டும் இயங்கினால், டேங்குக்குக் காற்று செல்லும் துளை அடைத்துள்ளது.