குடோன் வேலையில் முதல் இரண்டு வாரம்: புதியவர்கள் இடுப்பைக் கெடுத்துக்கொள்ளும் விதம்

செங்குன்றம், மாதவரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பார்சல் குடோன்களில் தீபாவளிக்கு முந்தைய தள்ளுபடி விற்பனை வாரங்களில் மொத்தமாக ஆள் எடுப்பார்கள். பிளஸ் டூ முடித்தவர், ஐ.டி.ஐ. படித்தவர், கல்லூரியைப் பாதியில் விட்டவர் என்று பலரும் காண்ட்ராக்டர் வழியாக உள்ளே வருகிறார்கள். சிலர் முதல் சம்பளத்துக்கு முன்பே நின்றுவிடுவார்கள். கேட்டால் "வெயிட் தூக்க முடியலை" என்பார்கள். பெரும்பாலும் வெயிட்டைக் குறை சொல்ல முடியாது. தூக்கிய விதமும், வந்த வாரத்திலேயே சீனியர் வேகத்தைப் பிடிக்கப் பார்த்ததும்தான் ஆளைச் சாய்த்திருக்கும்.

"பன்னிரண்டு கிலோ பெட்டிதானே" என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்காவில் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தூக்குவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ வரை தூக்கலாம். சாதகம் என்றால், பெட்டி உடம்பை ஒட்டி 25 சென்டிமீட்டருக்குள், தரையிலிருந்து சுமார் 75 சென்டிமீட்டர் உயரத்தில், நல்ல பிடியோடு, உடம்பைத் திருப்பாமல், எப்போதாவது ஒரு முறை. அதே பெட்டி 50 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் வரம்பு பாதியாகிறது, 11.5 கிலோ. அதோடு இடுப்பை 90 டிகிரி திருப்பி எடுத்தால் 8 கிலோ சொச்சம்தான் மிஞ்சும். நிமிடத்துக்குப் பல முறை தூக்கினால் இன்னும் குறையும். பேலட்டின் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) எதிர்ப்பக்கம் இருக்கும் பெட்டியை இந்தப் பக்கம் நின்றபடியே எட்டி எடுத்து, அப்படியே திரும்பிக் கன்வேயரில் வைப்பவர் அந்த வரம்பைத்தான் ஒவ்வொரு முறையும் தாண்டுகிறார்.

அதனால் முதலில் பெட்டியை உங்கள் பக்கம் இழுங்கள், பிறகு தூக்குங்கள். பேலட்டைச் சுற்றி இரண்டு எட்டு நடப்பது சோம்பேறித்தனம் கிடையாது. திரும்ப வேண்டுமென்றால் பாதத்தைத் திருப்புங்கள், இடுப்பைத் திருப்பாதீர்கள். "முட்டியை மடக்கு, முதுகை நேராக வை" என்று பயிற்சியில் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் ஒரு ஷிப்ட் முழுக்க ஒவ்வொரு பெட்டிக்கும் உட்கார்ந்து எழ யாராலும் ஆகாது. பெட்டி அகலமாக இருந்தால் முட்டி குறுக்கே வந்து பெட்டியை இன்னும் தள்ளிவிடும். தரையில் அடுக்காமல் இரண்டு காலி பேலட் போட்டு அதன்மேல் அடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் சரி என்பார்கள். காலை ஷிப்ட்காரர்களுக்கு இன்னொன்று: தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரம் முதுகெலும்பு வட்டுகளில் நீர் ஏறியிருக்கும், குனிந்தால் அழுத்தம் அதிகம். கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்து, இறங்கியவுடன் தரையிலிருக்கும் லோடில் கை வைப்பதைத் தவிருங்கள்.

மெடிக்கலில் இடுப்பு பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. 9,000-க்கும் மேற்பட்ட கடை ஊழியர்களைப் பின்தொடர்ந்து நியோஷ் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பெல்ட் கட்டியதால் முதுகு அடிபடுவதோ வலியோ குறையவில்லை. அந்தக் காசைக் காலணியில் போடுங்கள். முன்பக்கம் இரும்புக் கவசம் உள்ள ஷூ, கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போட்டுப் பார்த்து வாங்கியது, பருத்தி சாக்ஸ். செருப்போடு உள்ளே விடும் குடோன் என்றால் அதைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்வதற்கில்லை.

பெட்டியின் அளவை வைத்து எடையைக் கணிக்க முடியாது. டயப்பர் பெட்டி பெரிதாக இருக்கும், எடை இருக்காது. டேபிள் டாப் கிரைண்டர் பெட்டி சிறிது, அதிலும் கனம் ஒரு பக்கமாகவே நிற்கும். மூலையை லேசாகச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பிடியுங்கள். லாரிக் கதவைத் திறக்கும்போது எதிரே நிற்காதீர்கள். வழியில் சரிந்த லோடு கதவில் சாய்ந்து நிற்கும். அடுக்கின் நடுவிலிருந்து உருவாமல் மேலிருந்து எடுங்கள். லாரியிலிருந்து குதித்து இறங்குவதும் வேண்டாம், முட்டி தாங்காது. ஹேண்ட் பேலட்டை (பேலட்டைத் தூக்கி நகர்த்தும் கைவண்டி) சமதரையில் தள்ளிக்கொண்டு போங்கள். இழுத்துக்கொண்டு போனால் அது குதிகாலில் வந்து ஏறும்.

தகரக் கூரை குடோனில் ஏப்ரல், மே மாதத்தில் சேர்பவர்களுக்கு வெயிட்டைவிடச் சூடுதான் ஆபத்து. வெப்பத்தால் நேரும் வேலையிட மரணங்களில் ஏறக்குறைய பாதி முதல் நாளிலேயே, 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்தில் என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை. உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் தேவை. புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் 20 சதவீதம் மட்டும் கொடுத்து, தினமும் 20 கூட்டச் சொல்வது அங்குள்ள பரிந்துரை. நம் சூப்பர்வைசர் அப்படி விடமாட்டார்தான். ஆனாலும் ஸ்கேனிங்கிலோ லேபிள் ஒட்டுவதிலோ பாதி ஷிப்ட் போடச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பாத்ரூம் தூரம் என்று தண்ணீரைக் குறைப்பது, பெண்கள் அதிகம் செய்கிற தவறு. அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2024-இல் ஹரியானாவின் மானேசர் குடோன் ஒன்றில், லாரிகளை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர், கழிப்பறை இடைவேளை எடுக்கமாட்டோம் என்று ஊழியர்களை உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்தி வந்து, தேசிய மனித உரிமை ஆணையம் தானே முன்வந்து விளக்கம் கேட்டது. இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடியுங்கள். மதியம் ஒரேயடியாக ஒரு லிட்டர் குடிப்பதில் பலன் குறைவு. சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் வேலையை விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அடையாளமாக அது இருக்கலாம்.

முதல் சில நாள் உடம்பு வலிக்கும். இரண்டு பக்கமும் சமமாக, நடமாடினால் குறைகிற வலி பழகிவிடும். ஒரு பக்கமாகச் சுரீரென்று குத்துவதும், காலுக்கு இறங்குவதும், மரத்துப்போவதும் வேறு ரகம், டாக்டரிடம் காட்ட வேண்டியது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகிற பழக்கம் மோசமானது. வலி தெரியாமல் அதே இடத்தை மேலும் கெடுத்துக்கொள்வீர்கள். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தையும் சோதிக்கும்.

அடிபட்டதைச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று மறைப்பவர்கள் பிறகு நிரூபிக்க முடியாமல் தவிக்கிறார்கள். சேர்ந்த அன்றே காண்ட்ராக்டரிடம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) எண் கேளுங்கள். சம்பளச் சீட்டில் அதற்காக 0.75 சதவீதம் பிடித்திருப்பார்கள், 15,000 ரூபாய்க்கு 113 ரூபாய். நோய்க்கால உதவித்தொகைக்கு குறைந்தபட்சம் இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலையில் அடிபட்டால் அந்த நிபந்தனை கிடையாது, முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. தற்காலிகமாக வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். அதற்கு, அடிபட்ட அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்து, சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் நேரம், இடம், எந்தப் பெட்டி என்று ஒரு செய்தியும் அனுப்பி வையுங்கள்.