மலைத்தடத்துக்கு ரேடியல் டயர்: கடையிலேயே தொடங்கும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஓடும் ஏடிவி (கரடுமுரடான தடத்துக்கான நான்கு சக்கர வண்டி) ஒரே நாளில் பல வகை நிலத்தைப் பார்த்துவிடும். முதலில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை, லாசா தாண்டினால் கல்லும் வேருமாக ஏறும் தடம், குவாலா மூ போகும் வழியில் மழை அறுத்த பள்ளங்கள். டயர் கடைக்குள் நுழைந்ததும் இதெல்லாம் மறந்துபோகிறது. எந்த டயருக்குப் பல் பெரிதோ அதன் மேல்தான் கண் போகிறது.

பெரிய பல் சேற்றுக்கானது. ஒரு அங்குலத்துக்கு மேல் உயர்ந்த பற்கள் ஈரப் பாறையில் ஏறும்போது நுனி மட்டுமே ஒட்டும். பல் வளைந்து கொடுக்க, வண்டி நழுவும். முக்கால் அங்குல அளவில் பல் உள்ள டயர் நம் பக்கத்து மலைத்தடத்துக்குப் பெரும்பாலும் போதும். உயரத்தைவிடப் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது குறுகலாக இருந்தால் செம்மண் களி அப்பிக்கொண்டு டயர் மொழுமொழு என்று ஆகிவிடும். அக்டோபர், நவம்பர் மழையில் இது நன்றாகவே தெரியும்.

அடுத்த குழப்பம் "6 ப்ளை" என்ற எண். அதை வைத்தே ரேடியல், அதாவது உள் இழைகள் நேராக ஓடும் வகை, என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. ப்ளை என்பது டயரின் வலிமையைக் காட்டும் தர எண். ரேடியலா இல்லையா என்பதை அது சொல்லாது, உள்ளே அத்தனை அடுக்கு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பார்க்க வேண்டியது அளவு எழுதியிருக்கும் இடம். 25x8-12 என்று நடுவே கோடு இருந்தால் சாதாரண டயர். 25x8ஆர்12 என்று ஆர் எழுத்து இருந்தால் ரேடியல். பெயரை நம்பியும் வாங்க முடியாது. கென்டா பேர் கிளா என்ற பெயரில் சாதாரண டயரும் இருக்கிறது, பேர் கிளா எச்டிஆர் என்று ரேடியலும் இருக்கிறது. தவுக்கே (கடை முதலாளி) எடுத்துக் கொடுப்பதை ஒருமுறை திருப்பிப் படித்துவிடுவது நல்லது.

சாதாரண டயரில் இழைகள் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிட்டு ஓடும். ரேடியலில் அவை ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நேராகப் போகும். தரையைத் தொடும் பகுதிக்குக் கீழே தனியாகப் பட்டைகள் இருக்கும். அதனால் பக்கச்சுவர் தாராளமாக வளையும், அடிப்பகுதி தரையோடு படிந்தே நிற்கும். கல் மேல் ஏறும்போது தூக்கிப் போடாமல் இருப்பதற்கும், கைப்பிடியில் அதிர்வு குறைவதற்கும் இதுதான் காரணம்.

அந்த நெகிழ்வுக்குக் கொடுக்கும் விலையும் அங்கேயே இருக்கிறது. பிதுங்கி நிற்கும் பக்கச்சுவரில்தான் வெட்டிவிட்ட மூங்கில் கட்டை குத்தும். செம்பனை மட்டையின் அடிக்காம்பு முள்ளைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த முள் டயரின் அடியில் ஏறினால் வழியிலேயே ஒட்டுத்திரி செருகிக் கிளம்பிவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அப்படி அடைத்து நம்பி ஓட்ட முடியாது. ஆகவே மட்டைக் குவியல் ஓரமாகவே முழு நாளும் ஓடும் வண்டிக்கு, மலைக்கே போகாத வண்டிக்கு, ரேடியல் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கெட்டியான சாதாரண டயர் மலிவு, அந்த வேலைக்கு அதுவே சரி. மலையும் தோட்டமும் கலந்து ஓடுபவர்கள் 8 ப்ளை தர ரேடியலைப் பார்க்கலாம். எடை கூடும், ஓட்டம் கொஞ்சம் முரடாகும், ஆனால் கிழிவது குறையும்.

சரி, நல்ல டயர் வாங்கியாயிற்று. அதைக் கெடுப்பது பெரும்பாலும் காற்று. பல ஏடிவிகளுக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரைதான் கேட்கும். பெட்ரோல் நிலையத்துக் கருவி 30 பிஎஸ்ஐ போடும் காருக்கானது. அதில் 2 கூடக் குறைய ஆனால் காருக்குப் பெரிதில்லை, ஏடிவிக்கு அது மூன்றில் ஒரு பங்கு. குறைந்த அழுத்தம் பார்க்கும் சிறிய அளவி ஒன்று கட்டாயம் கையில் இருக்க வேண்டும். ரேடியல் சரியான காற்றிலும் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். "காற்று இறங்கிவிட்டது" என்று யாராவது சொல்ல, 15 வரை ஏற்றிவிடுகிறார்கள். அப்போது டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையில் படும், கல்லுக்குக் கல் வண்டி துள்ளும். ரேடியலுக்குக் கூடுதலாகக் கொடுத்த வெள்ளி அத்தனையும் வீண். அளவுக்கு மேல் இறக்கினாலும் ஆபத்துதான். சரிவில் குறுக்கே போகும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். டயர் சூடாகும் முன் காலையில் பாருங்கள். பின்னால் 50 கிலோ உர மூட்டை ஏற்றும் நாளில், பாரத்துக்கு எவ்வளவு என்று வண்டியின் கையேடு சொல்கிறதோ அதை வையுங்கள்.

25 அங்குலத்துக்குப் பதிலாக 27 போட்டால் வண்டி கம்பீரமாகத்தான் தெரியும். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி ஒரு அங்குலம் கூடும். வண்டியின் எடை மையமும் அதே அளவு மேலே போவதால் பக்கச்சரிவில் கவிழும் பயம் அதிகம். பெல்ட்டில் ஓடும் வண்டியில் ஏற்றத்தில் பெல்ட் சூடாகும். இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் வலு குறையும், மலையில் இதைத்தான் பெரிய இழப்பு என்பேன். கைப்பிடியை முழுக்கத் திருப்பினால் மட்கார்டில் உரசுகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

காசை மிச்சம் பிடிக்க இரண்டு டயர் மட்டும் மாற்றுவது அடிக்கடி நடக்கிறது. முன்னால் சாதாரணம், பின்னால் ரேடியல் என்று கலந்தால் திருப்பத்தில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன்பின் டயர் உயரம் வண்டி கேட்கும் கணக்கிலிருந்து மாறினால் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். முன்னால் 8, பின்னால் 10 என்று அகலம் மாறுவது வழக்கம்தான்.

சின்ன ஊரில் ஏடிவி டயர் மெதுவாகத்தான் விற்கும், கடையில் வெகுநாள் கிடந்திருக்கலாம். பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து-எண் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ரப்பர் இறுகிப்போயிருந்தால் ஈரக் கல்லில் பிடிக்காது. பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்பு போட்டிருந்தால், வண்டி மேடையிலிருந்து இறங்கும் முன் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தலைகீழாக மாட்டியிருந்தால் பற்கள் சேற்றை வெளியே தள்ளாமல் உள்ளே இழுக்கும்.