ராத்திரியிலும் சுடும் வீட்டை ஆற வைப்பது எப்படி

சென்னையில் கடைசி மாடியில் குடியிருப்பவர்களுக்கு இது தெரியும், மத்தியானத்தைவிட ராத்திரி எட்டு ஒன்பது மணிக்குத்தான் வீடு அதிகமாகப் புழுங்கும். வெளியே கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும், உள்ளே ஃபேன் போட்டால் அனல் இறங்கும். அந்த நேரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுடும். பகல் முழுக்க வாங்கி வைத்த வெயிலைக் கான்கிரீட் அப்போதுதான் அறைக்குள் விடுகிறது. தெருவில் தார் ரோடும் சுவர்களும் செய்வது இதையேதான், அதனால்தான் மண்ணும் மரமும் உள்ள ஊர்ப்புறம் ஆறிய பிறகும் நகரம் ஆறுவதில்லை. இதில் ஏசி வேறு அறையின் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது.

ஆகவே ஏசி வாங்கும் முன் மொட்டை மாடிக்குப் போங்கள். பழைய சாம்பல் நிறச் சிமெண்ட் தளம் தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய முக்கால் பங்கை உள்ளே வாங்கிக்கொள்ளும், புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சோ முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கத்திரி தொடங்கிய பிறகு ஓடாமல் மாசியிலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது. முதலில் பாசியையும் தூசியையும் தேய்த்துக் கழுவி, விரிசல்களை அடைத்து, தளத்தை நன்றாகக் காயவிட வேண்டும். இதை அவசரத்தில் விட்டுவிட்டால் பூச்சு செதில் செதிலாக உரிந்து வரும். கையில் காசு குறைவு என்றால் சுண்ணாம்பே போதும், ஒட்டுவதற்குப் பசை கலந்து இரண்டு கை அடியுங்கள், ஐப்பசி மழையில் கரைந்துவிடும் என்பதால் அடுத்த வருஷம் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் மாடித்தளத்துக்கென்றே விற்கும் கூல் ரூஃப் பெயிண்ட் சில வருஷம் தாங்கும். சுவருக்கு அடிக்கும் சாதாரண பெயிண்ட் வேண்டாம். எதை அடித்தாலும் மேலே தூசி படிந்தால் பலன் குறையும், கோடையில் அவ்வப்போது பெருக்கிவிடுங்கள்.

வாடகை வீடா? ஓனரிடம் தயங்காமல் கேளுங்கள். தளம் சூட்டில் விரிந்து ராத்திரியில் சுருங்குவது குறைந்தால் விரிசலும் ஒழுகலும் குறையும், அது அவருக்கும் லாபம்தான். தெலங்கானா அரசு 2023-லேயே குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்துவிட்டது, தமிழ்நாடு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இது சொகுசுக்காகக் கேட்பது இல்லை.

அப்புறம் மேற்குப் பக்க ஜன்னல். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் அதைத் தடுக்கிறீர்கள், வெளியே மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டினால் அது உள்ளேயே வராது. பகலில் அடைத்து வைத்த ஜன்னல்களை, வெளிக்காற்று ஆறியதும் எதிரெதிராகத் திறந்துவிடுங்கள். ஈரத்துணி கட்டுவது, ஏர் கூலர் எல்லாம் மதுரை மாதிரி வறண்ட ஊருக்குச் சரி, சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், இன்னும் ஈரம் சேர்த்தால் வியர்வை காயாமல் புழுக்கம்தான் கூடும்.

வாசலில் ஓரடி மண்ணையாவது சிமெண்ட் போடாமல் விட்டு, அதில் ஒரு புங்கையோ வேம்போ வையுங்கள். புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்கு மழையில் வேர் பிடித்துக்கொள்ளும், முதல் இரண்டு கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும்.