துணைப் பாத்திரத்துக்குத் தனிப்படம்: எங்கே சறுக்குகிறது?

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்து, தம்பி ஒருவர் எழுதிய திரைக்கதையைப் படித்தேன். முடிந்துபோன டிவி நாடகத்தில் நாயகனுக்காக லாரி ஓட்டியவனுக்கு ஒரு டெலிமூவி, அதாவது டிவிக்கான தனிப்படம். தே தாரிக் தேநீர் ஆறிவிட்டது, பதினைந்து பக்கம் முடிந்துவிட்டது, லாரிக்காரன் இன்னும் வரவில்லை. அதுவரை பழைய கதைச் சுருக்கமும் நாயகனின் நினைவுகளும்தான்.

பலரும் செய்கிற தவறு இது. நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுருக்கம் சலிப்பு. பார்க்காதவர்களுக்கு லாரிக்காரனின் இன்றைய சிக்கல் புரிந்தால் போதும்.

'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்க டிவி தொடர் 2013 செப்டம்பரில் முடிந்தது. அதில் நாயகன் வால்டருக்குத் துணையாக வந்த ஜெஸ்ஸியின் கதையை, தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் 2019 அக்டோபரில் 'எல் கமினோ' படமாகத் தொடர்ந்தார். அதில் வால்டர் ஒரே ஒரு காட்சியில்தான் வருகிறார், அதுவும் பழைய நினைவாக. படத்தின் தொடக்கமும் நினைவுதான். ஆற்றங்கரையில் பழைய கூட்டாளி மைக் ஜெஸ்ஸியிடம், உன் வயதில் நானாக இருந்தால் அலாஸ்கா போவேன் என்கிறார். ஜெஸ்ஸி கடைசியில் போய்ச் சேரும் இடமும் அதுவே. பழைய காட்சியை வைத்தால் இப்படிக் கதையைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்தது, துணைப் பாத்திரத்தைத் திடீரென்று வீரனாக்குவது. தம்பியின் கிளைமாக்சில் லாரிக்காரன் இருபது பேரை அடித்துப் போடுகிறான். நாடகம் முழுக்க மாதாமாதம் லாரிக் கடன் கட்டத் திணறியவன் அவன்! ஜெஸ்ஸியைப் பாருங்கள். அவனைத் தலைமறைவாக்க, காசுக்கு அந்த வேலையைச் செய்யும் எட் கேட்பது மொத்தம் 2,50,000 டாலர். கையில் இருப்பதில் 1,800 குறைகிறது. எட் ஒரு காசு விட்டுக்கொடுக்கவில்லை. அந்த 1,800 டாலரைத் தேடித்தான் அவன் மறுபடி ஆபத்துக்குள் போகிறான். எவ்வளவு சின்னத் தொகை! அதுதான் நம்மை இருக்கையின் நுனிக்கு இழுக்கிறது. பெரிய வில்லனை விட ஒரு மாதக் கடன் தவணை நம் ஆட்களுக்கு நன்றாகப் புரியும்.

அப்புறம் நடிகரின் உடம்பு. 'எல் கமினோ'வில் கதை தொடர் முடிந்த அதே இரவில் தொடர்கிறது, நடிகர்களுக்கோ ஆறு வருடம் ஓடிவிட்டது. பழைய நினைவுக் காட்சிகளில் டாட் என்ற பாத்திரமாக வரும் நடிகர் ஜெஸ்ஸி பிளெமன்ஸ் பருத்திருப்பது பளிச்சென்று தெரியும். கில்லிகன் படத்துக்கே அந்தச் சிக்கல் என்றால், நம் பட்ஜெட்டில் மேக்கப்பை நம்பி எழுதவே கூடாது. முதலில் நடிகரை நேரில் பாருங்கள். ஆள் மாறியிருந்தால் கதையையும் சில வருடம் தள்ளி வையுங்கள்.

தம்பியிடம் பதினைந்து பக்கத்தையும் எடுக்கச் சொன்னேன். நாயகனாக நடித்தவரிடம் ஏற்கனவே தேதி வாங்கியாயிற்றாம். சரி, அவருக்கு ஒரு காட்சி இருக்கட்டும், முதல் பக்கத்தில் லாரிச் சாவி மட்டும் இவன் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.