நாள் தெரியாமல் மணி அடிக்காதீர்கள்

காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு கேமரா, சென்சார் போட்டுக் கண்காணித்து, ஆபத்து என்றால் எச்சரிக்கை மணி அடிப்பது என் வேலை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் இரண்டு பேர், நான் ஒரு காலத்தில் செய்த அதே தப்பைச் செய்யப் போனார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். பேட்டரி, பாஸ்வேர்டு எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

சென்சார்களைக் கூட்டி முடிவு கட்டுவது

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீடு. ராத்திரி இரண்டு மணிக்குப் பின்கதவு திறந்தது, வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் நடமாட்டம், கேமராவில் நான்கு பேர் பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மூன்றும் ஒத்துப்போகிறதே என்று போலீசுக்குச் சொல்லிவிட்டேன். விடிந்தால் அங்கே படைப்பு. முன்னோருக்குப் படைக்கப் பங்காளிகள் கூடியிருந்தார்கள், அண்டா தூக்கியவர்கள் சமையல் ஆட்கள். வயதான ஆச்சி வாசலில் நின்று போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. "படைப்பு என்னைக்குன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா தம்பி?" என்றார். அந்த வாரமே கேமராவைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

சென்சார் சொன்னது எல்லாம் நிஜம். பல சென்சார்களின் தகவலைப் படிப்படியாகச் சேர்த்துப் பார்க்க அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 1980களில் வகுத்த முறைக்கு ஜேடிஎல் மாதிரி என்று பெயர். அதில் முதல் படி யார், எங்கே. இரண்டாவது என்ன நடக்கிறது. மூன்றாவதுதான் ஆபத்தா இல்லையா. நான் இரண்டாவதை மிதிக்காமல் தாவிவிட்டேன். நாள், ஆள், வழக்கம் எல்லாம் அந்த இரண்டாவதில்தான் வரும். படைப்புக்கு முதல் நாள் அண்டா சமையல் கொட்டகையான ஆக்குப்புரைக்குப் போனால் சரி, தெருவில் நிற்கும் வண்டிக்குப் போனால் மணி அடிக்கத்தான் வேண்டும்.

விசேஷம் என்று மணியை அணைத்து வைப்பது

இதுவும் தப்பு. சூழல் தெரியும் என்ற நினைப்பே கண்ணை மறைக்கும். 1988 ஜூலை 3 அன்று வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டதில் 290 பேர் இறந்தார்கள். விமானம் மேலே ஏறுவதாகத்தான் கப்பலின் கருவிகள் பதிவு செய்திருந்தன. சண்டைக்கு நடுவில் இருந்தவர்களோ அது தங்களைத் தாக்க இறங்கி வருவதாக நம்பிவிட்டார்கள்.

ஒரே வாயை இரண்டாக எண்ணுவது

காவலாளி சொன்னதைத்தான் பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் போட்டிருப்பார். அது இரண்டு சாட்சி இல்லை, ஒரே சாட்சிதான்.

வெயிலை மறப்பது

சித்திரைப் பகலில் வளவு வாசலின், அதாவது வீட்டுக்குள் இருக்கும் திறந்த முற்றத்தின் சூடு உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். உடல் வெப்பத்தை வைத்து ஆளைக் காணும் சென்சாருக்கு அப்போது ஆள் சரியாகப் பிடிபடாது. அது சும்மா இருக்கிறதே என்று ஆள் இல்லை என எழுதி வைக்காதீர்கள், கேமராவைத் திறந்து பாருங்கள்.