டிரைவரை வெளியே எடுத்தாச்சு, ஆனால் கார்ட் எங்கே எழுதுகிறது?

அட்டனில் வார இறுதியில் கேர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) பழகவரும் பிள்ளைகளோடு உட்காருவேன். லொக்கை விட மறப்பது, பாயிண்டரைச் சோதிக்காமல் விடுவது எல்லாம் தானாகவே பிடிபட்டுவிடும், அதை விடுங்கள். டிரைவரைக் கேர்னலுக்கு வெளியே எடுத்தால் போதும், பிழை பரவாது என்று நான் அந்தக் காலத்தில் நம்பியதையே இவர்களும் நம்புவதுதான் எரிச்சல்.

தனி புரொசெஸ் ஆக்கினால் பிரிந்துவிட்டது என்ற நினைப்பு

யூசர் புரொசெஸ் கண்ட இடத்தில் கைவைத்தால் எம்எம்யூ (சிபியூவின் மெமரி காவலாளி) தடுக்கும். சரி. ஆனால் நெட்வேர்க் கார்ட் அந்த வழியாகப் போவதே இல்லை. டிஎம்ஏ (சிபியூ இல்லாமலே மெமரியைத் தொடும் வழி) முகவரி என்று எதைக் கொடுத்தீர்களோ அங்கே நேராக எழுதும். ஒரு தம்பி சொந்தமாக ஒரு யூஐஓ மொடியூல் (டிரைவரை யூசர் புரொசெஸாக ஓட்ட லினக்ஸ் தரும் பழைய வழி) எழுதி டிரைவரை வெளியே கொண்டுவந்தார். பிங் போனது, ஒரே சந்தோஷம். டிரைவரை இடையில் நிறுத்திய பிறகு ஃபைல்கள் கண்டபடி கெட்டன, ரீபூட் செய்தால் அதே ஃபைல் நன்றாக இருந்தது. அப்போதே டிஸ்க்கில் பிழையில்லை என்று விளங்கியிருக்க வேண்டும், ஆனால் கொழும்பிலிருந்து புது ஹார்ட் டிஸ்க் எடுப்பித்து, காசு செலவழித்து, அதிலும் அதே கதை.

கெட்ட ஃபைலை ஹெக்ஸில் திறந்தோம். நடுவில் ஆறு பைட் எஃப்எஃப், அடுத்து ஒரு மேக் முகவரி, பின்னால் 0806. ஏஆர்பி பக்கெட், அதாவது 'இந்த ஐபி யாருடையது' என்று நெட்வேர்க் முழுக்கக் கேட்பது! புரொசெஸ் செத்ததும் அதன் மெமரியை கேர்னல் பேஜ் கேஷுக்குக் (டிஸ்க் ஃபைல்களின் பிரதியை வைக்கும் மெமரி) கொடுத்துவிட்டது, கார்டுக்கு யாரும் சொல்லவில்லை, அது பழைய இடத்திலேயே எழுதிக்கொண்டிருந்தது.

இதற்குத்தான் ஐஓஎம்எம்யூ, கார்ட் போன்ற கருவிகளுக்கான எம்எம்யூ. இன்டெல்லில் அதன் பெயர் விடி-டி, பல மெஷின்களில் பயோஸிலேயே அணைந்து கிடக்கும். லினக்ஸில் 2012 முதல் விஎஃப்ஐஓ இருக்கிறது, ஐஓஎம்எம்யூவின் காவலோடு கருவியை யூசர் புரொசெஸுக்குக் கொடுக்கும் வழி, அதையே எடுங்கள். பழைய மெஷின் என்று சொல்லி அதிலும் ஐஓஎம்எம்யூ இல்லாத மோடைப் போடுகிறார்கள். பெயரிலேயே பாதுகாப்பற்றது என்று எழுதியிருக்கிறது, கேர்னலும் தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொள்கிறது, அப்புறமும் 'வேலை செய்யுதே அண்ணா' என்கிறார்கள்.

ஐஓஎம்எம்யூ குரூப்

ஐஓஎம்எம்யூவால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாத கருவிகளின் கூட்டம் இது. அதை உடைக்காதீர்கள். முழுக் குரூப்பையும் ஒரே புரொசெஸின் கையில் கொடுங்கள்.

பகிர்ந்த மெமரியை இரண்டு தடவை வாசிப்பது

டிரைவரோடு பகிரும் மெமரியில் பக்கெட்டின் நீளத்தைச் சோதித்துவிட்டு மறுபடி அங்கிருந்தே எடுத்தால், இடையில் டிரைவர் அதை மாற்றலாம். முதலில் உங்கள் பக்கம் கொப்பி எடுங்கள், பிறகு சோதியுங்கள்.

ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் சரியாக்கும் என்பது

டிரைவர்களைத் தனி புரொசெஸ்களாக ஓட்டும் மினிக்ஸ் 3 என்ற ஓஎஸ் செத்த டிரைவரைத் தானாக எழுப்பும். நெட்வேர்க் என்றால் தொலைந்த பக்கெட்டை டிசிபி திரும்ப அனுப்பிவிடும். பிரிண்டர் பாதியில் நின்றால் எந்த வரிவரை அச்சானது என்று டிரைவருக்கே தெரியாது, ஆகவே அந்தப் பிழையை மறைக்காமல் அப்ளிகேஷனுக்கு அனுப்புங்கள்.