ஃப்ரேம் எடை குறையணுமா, பைப்ப விட்டுட்டு மூலையப் பாருங்க

போன வாரம் இன்ஜினியரிங் படிக்கிற பசங்க நாலு பேரு திருநெல்வேலி பேட்டையில உள்ள நம்ம பட்டறைக்கு ஒரு பாஹா வண்டி (காலேஜ் பசங்க போட்டிக்குப் பண்ணுற, கரடுமுரடான பாதையில ஓடுற சின்ன வண்டி) ஃப்ரேம லோடு ஆட்டோவுல போட்டுட்டு வந்தாங்க. அண்ணாச்சி இதுல பத்து கிலோ குறைக்கணும், பைப்ப மெலிசா மாத்திரலாமான்னு கேட்டாங்க. நான் பைப்பப் பாக்கவே இல்ல, மூலையத்தான் பாத்தேன், ஒவ்வொரு மூலையிலயும் 6 மில்லி தகட்டுல 100க்கு 100 முக்கோணம் வெட்டி ரெண்டு ரெண்டா ஒட்டி வச்சிருக்காங்க. ஒரு தகடு ஏறக்குறைய 235 கிராம். மொத்தம் 32 தகடு, அதுலயே ஏழரை கிலோ போச்சு, இதுல வெல்டு எடைய இன்னும் சேக்கவே இல்ல.

ஏம்லே இவ்ளோ தகடுன்னு கேட்டா, ஜாயின்ட் ஸ்ட்ராங்கா இருக்கணும்லா அண்ணாச்சிங்கான் ஒருத்தன். அவன் சொல்லுததுலயும் தப்பில்ல, பயந்தா எல்லாரும் தகடுதான் போடுவோம், நானும் அப்படிப் போட்டவன்தான். அதனால இத வரிசையா சொல்லிருதேன், ஃப்ரேம் பண்ணுத வேற பசங்களுக்கும் உதவும்.

முதல் வேலை, ஒரு மூலைக்கு வர்ற பைப்பு எல்லாத்தோட நடுக்கோடும் ஒரே புள்ளியில சந்திக்குதான்னு பாருங்க. பாதி ஃப்ரேம்ல சந்திக்காது, வெட்டுறதுக்கு வசதியா இருக்குன்னு மூணு செண்டிமீட்டர் தள்ளி ஒட்டிருப்பாங்க. 25.4 மில்லி ரவுண்டு பைப்பு, 2 மில்லி சுவர், அதுல 5000 நியூட்டன், அதாவது 500 கிலோ சொச்சம் இழுக்குதுன்னு வச்சிக்கிடுங்க. நேரா இழுத்தா பைப்புல வர்ற ஸ்ட்ரெஸ் வெறும் 34 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர மில்லிக்கு 34 நியூட்டன். அதே இழுவை 30 மில்லி தள்ளி விழுந்து அந்த வளைப்பு முழுசும் ஒரே பைப்புக்கு வந்துச்சுன்னா, வளையுறதால மட்டும் கூடுதலா 188 மெகாபாஸ்கல் ஏறிரும். சாதாரண ஸ்டீலு 250ல வளைஞ்சு போகும், பாத்துக்கிடுங்க. இப்படித் தள்ளி ஒட்டிட்டு அதச் சரிக்கட்டத்தான் நாம தகடு மேல தகடா போடுதோம். கோட்டச் சேத்து வச்சாலே பாதித் தகடு வேண்டாம்னு ஆயிரும்.

ஊர்ல பழைய ஓட்டு வீட்டுல பனங்கை, அதான் பனமரத்துல அறுத்த சட்டம், போட்ட கூரையப் பாருங்க, கை ரெண்டும் உச்சியில ஒண்ணோட ஒண்ணு முட்டி நிக்கும், ஆசாரி அதத் தள்ளி வைக்கவே மாட்டாரு.

அடுத்து, தகடு வேணும்னே வந்தா எங்க ஒட்டுறதுங்கதுதான் விஷயம். ஸ்கொயர் பைப்போட முகத்துல நட்டநடுவுல ஒட்டாதீங்க. காலி எண்ணெய் டின்ன நடுவுல விரல வச்சு அமுக்குனா பொசுக்குனு குழியும், ஓரத்துல அமுக்குனா குழியாதுல்லா, அதே கததான் இங்கயும். தகடு 6 மில்லியா இருந்து என்ன பிரயோஜனம், அது போய் முட்டுற சுவர் 2 மில்லிதான, சுவரு குழிஞ்சு தகடு சும்மா நிக்கும். ரெண்டு பக்கச் சுவரோட மட்டத்துல 2 மில்லி தகடு ரெண்டு ஒட்டுங்க, 60க்கு 60 போதும், ஒண்ணு 28 கிராம்தான், 32 போட்டாலும் ஒரு கிலோ வராது. ரவுண்டு பைப்புன்னா மெலிசு தகட்ட ‘ப’ மாதிரி மடக்கி பைப்போட ரெண்டு பக்கத்தையும் தழுவுற மாதிரி வைங்க.

தகடு முடியுற எடத்துல கவனமா இருங்க, இதுல நான் சூடுபட்டிருக்கேன். சேரன்மாதேவி பக்கம் ஒருத்தருக்கு வாழைத்தார் ஏத்துற டிரெய்லர் பண்ணிக் குடுத்தேன், ட்ராக்டர்ல மாட்டுற முன் முக்கோணத்துல 10 மில்லி தகடு போட்டு அடிச்சு விட்டேன். ரெண்டு மாசத்துல விரிசல். மூலையில இல்ல, தகடு முடியுற நுனியில, பைப்புல. அந்த வெல்டையே தோண்டித் திரும்ப அடைச்சேன், மறுபடியும் அதே எடத்துல விட்டுச்சு. கெட்டித் தகடு திடீர்னு முடிஞ்சா லோடு பூரா அந்த நுனியிலதான் உக்காரும், அது மேல வெல்டு முடிவும் இருந்தா கேக்கவே வேண்டாம். அப்புறம் தகட்டக் கழட்டிட்டு பைப்ப நகத்தி கோட்டச் சேத்து, வெளி விளிம்ப உள்வளைவா வெட்டுன 3 மில்லி தகட்ட ஒட்டுனேன், வெல்ட நுனியில நிறுத்தாம சுத்தி கொண்டு வந்து முடிச்சேன். இன்னிக்கும் ஓடுது.

வெல்டு பெருசா இருந்தா ஸ்ட்ராங்குன்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும் உண்டு. வெல்டோட கால்னு சொல்லுதது, மூலையிலருந்து அது ஒரு பக்கம் படர்ற அகலம். அந்தக் கால் 3 மில்லி உள்ள வெல்ட 6 மில்லியா ஆக்குனா உலோகம் நாலு மடங்கு ஆகும், சூடும் அதுக்கேத்த மாதிரி ஏறி ஃப்ரேம் கோணிக்கிடும். 2 மில்லி பைப்புக்கு 3 மில்லி கால் தாராளம். ஆனா பைப்பு வாய் சரியா உக்காரணும், பேப்பர்ல டெம்ப்ளேட் எடுத்து பைப்ப சுத்தி ஒட்டி மீன் வாய் மாதிரி வெட்டி, இடைவெளி ஒரு மில்லிக்கு மேல போகாம அரைங்க. சந்த ராடு வச்சு நெரப்புறது வெல்டிங் இல்ல, கொத்தனார் வேல.

இன்னொண்ணு, இருக்குறதுலயே லேசான ஜாயின்ட், இல்லாத ஜாயின்ட்தான். ரெண்டு துண்டு ஒட்டுற எடத்துல ஒரே பைப்ப வளைச்சிர முடியுமான்னு பாருங்க, வளைவு ஆரம் பைப்பு விட்டத்துக்கு மூணு மடங்கு இருந்தா பொதுவா நசுங்காது.

4130 பைப்பு, அதான் குரோமியம் மாலிப்டினம் கலந்த ஸ்ட்ராங்கான ஸ்டீலு, வாங்கலாமான்னும் பசங்க கேட்டானுவ. விறைப்புல எல்லா ஸ்டீலும் ஏறக்குறைய ஒண்ணுதான், லோடு திரும்பத் திரும்ப ஏறி இறங்கி வெல்டு ஓரத்துல வர்ற களைப்பு விரிசலுக்கும் விலை கூடுன ஸ்டீலு பெருசா ஒண்ணும் செய்யாது. அதுக்குப் பதில் விட்டத்தக் கூட்டுங்க. வண்டி உருண்டா ஓட்டுறவனக் காக்குற ரோல் கேஜுக்கு பாஹா போட்டி ரூல் புக்கு சொல்லுற 25.4 மில்லி விட்டம் 3 மில்லி சுவர் பைப்பு மீட்டருக்கு 1.66 கிலோ, 31.75 மில்லி விட்டம் 1.6 மில்லி சுவர் 1.19 கிலோதான், விறைப்பு அதவிடக் கூடவே வரும். ஆனா மாத்துனா சமமா இருக்குன்னு கணக்கு காட்டணும், கார்பன் அளவும் ரூல்படி இருக்கணும், சுவர் மெலிசுங்கதால நான் சொன்ன எண்ணெய் டின் சமாச்சாரம் இதுல இன்னும் முக்கியம்.

லோடு வண்டி வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. லேடர் ஃப்ரேம், அதான் ஏணி மாதிரி ரெண்டு நீளச் சட்டம் உள்ள ஃப்ரேம், அதோட மேல் கீழ் ஃபிளாஞ்சுல (சட்டத்தோட மேலயும் கீழயும் படுத்திருக்குற பட்டையில) ஓட்டையும் போடாதீங்க, வெல்டும் வைக்காதீங்க, எது மாட்டுனாலும் நட்டமா நிக்கிற நடுச்சுவர்ல போல்ட் போட்டு மாட்டுங்க.

எல்லாம் முடிஞ்சா முறுக்கிப் பாருங்க. பின்பக்கம் ரெண்டு மூலையையும் இறுக்கிக் கட்டிட்டு முன்பக்கம் நடுவுல ஒரு முட்டுக் குடுத்து, அங்கருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு மூலையில 20 கிலோ தொங்க விடுங்க, மூலை எவ்ளோ இறங்குதுன்னு டயல் கேஜ் வச்சு அளங்க. 5 மில்லி இறங்குனா ஒரு டிகிரிக்கு 171 நியூட்டன் மீட்டர் வருது, அதுதான் ஃப்ரேமோட முறுக்கு விறைப்பு. தகடு கழட்டுறதுக்கு முன்னாடி ஒருக்க, கழட்டுன பெறகு ஒருக்க அளந்து ரெண்டையும் சாக்பீஸால செவுத்துல எழுதிப் போடுங்க. நம்ம பசங்களுக்கு 20 தகடு கழட்டியாச்சு, ரெண்டு பைப்ப நகத்தியாச்சு, அந்த விறைப்பு எண்ணு இன்னும் இறங்கல. மீதி 12 ஞாயித்துக்கிழமை.